சேதாரம்

அட்டவணையில் கிரெயின் என்று போட்டிருந்தது.
எனக்குக் கிரெயின் தெரியாது, பவன் தெரியும்.
பில் புத்தகத்தின் முதுகில் வகுத்துப் பார்த்தேன்:
நாற்பத்தைந்தின் தோட்டா முனை இருநூற்று முப்பது,
அதாவது இரண்டு பவனுக்கு ஒரு மூக்குத்தி குறைவு.
பத்து மில்லிமீட்டர் நூற்று எண்பது,
ஒன்றரைப் பவன் என்று வைத்துக்கொள்ளலாம்.

துப்பாக்கியை மட்டும் தராசில் வைத்தேன்.
தோட்டா இல்லாமலே நூற்று முப்பத்தெட்டுப் பவன்.
எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை
மாமியார் வீடு வாய் திறக்காதபடி
இறக்கிவிடப் போதுமான எடை.

செறியான் இரண்டையும் துவர்த்தில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.
"முழு அளவு, நேசையா. சின்னது பாக்கெட்டுக்கு. இது கைக்கு."
கை சரி. நான் வேட்டிக்காரன்.
மடித்துக் கட்டினால் என் மானமே
ஒரு முடிச்சில்தான் நிற்கிறது.
அதில் இதையும் தொங்கவிடப் போறீரா என்று
ஜெபமலர் சிரித்தாள்.
சிரித்துவிட்டு உள்ளே போய்
வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

உரிமத்துக்காக நாகர்கோவிலுக்கு
மூன்று வருடம் பஸ் ஏறியிருக்கிறேன்.
தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து
ரசீது வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.
அந்த மாதம் திருடனுக்கும் விடுமுறை போல.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு,
களியலில் செறியானின் ரப்பர் விளை.
செம்மண் வெட்டிய குழியில் இரண்டு சக்கை,
ஒன்று வரிக்கை, ஒன்று கூழன்.
பத்து, வரிக்கைக்குள் புகுந்து
மறுபக்கம் மண்ணில் போய் ஒளிந்துகொண்டது.
என் மணிக்கட்டு தோள்வரை வந்து திரும்பியது.
நாற்பத்தைந்து அப்படியல்ல.
யாரோ உள்ளங்கையால் நெஞ்சில் தள்ளியது போல
மெதுவாக, நிதானமாக.
கூழனுக்குள்ளேயே தங்கிவிட்டது.
செறியான் முழங்கைவரை விட்டுத் துழாவி
அதை எடுத்துக் காட்டினார், பூவாய் விரிந்து,
சுளையும் பிசினும் ஒட்டியபடி.
"உள்ளே நிற்கணும். அதுதான் விஷயம்."
தேங்காயெண்ணெய் தேய்த்துக் கைகழுவ
அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

நகைக்கடைக்காரன் எதற்கும் சேதாரம் போடுவான்.
மறுபக்கம் வெளியே போனது சேதாரமா?
உள்ளே நின்றது செய்கூலியா?

போன ஆடியில், மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே,
மழை, இரவு ஒன்பதரை.
பால் வெட்டும் கத்தி.
முகத்தில் தலைக்கவசம். கண்ணாடியெல்லாம் தண்ணீர்.
"அண்ணே, பைய விடுங்க. பிளீஸ்."
அந்தப் பிளீஸ்தான் என்னை இத்தனை நாள்
தூங்கவிடாமல் வைத்திருக்கிறது, கத்தி அல்ல.
பையைப் பிடித்த கையில் ஒரு காப்பு.
முக்கால் பவன்.
பற்றவைத்த இடம் லேசாக வெளிறியிருந்தது,
என் பற்றவைப்பு அப்படித்தான் இருக்கும்.
யார் வீட்டு ஞானஸ்நானத்துக்கு,
எத்தனை தவணையில் பணம் தந்தார்கள்,
அம்மைக்காரி கடைசித் தவணைக்கு
முந்திரித் தொழிற்சாலைக் கூலியைக்
கறைபிடித்த விரலால் எண்ணி வைத்தாள்,
எல்லாம் ஞாபகம் இருக்கிறது.
சிறு கைக்குச் செய்தது. இரண்டு முறை பெரிதாக்கிக் கொடுத்தேன்.
போலீசிடம் முகம் தெரியவில்லை என்றேன்.
பொய் இல்லை.

ஆக, இதுதான் கேள்வி:
முக்கால் பவன் போட்ட கைக்கு
இரண்டு பவனா, ஒன்றரையா?

"நாற்பத்தைந்து" என்றேன்.
செறியான் ஏன் என்று கேட்டார். எடை என்றேன்.
எடை அல்ல.
அவரேதான் சக்கை வெட்டும்போது சொன்னார்,
பத்து, சத்தத்தை முந்திப் போகும்;
நாற்பத்தைந்து, சத்தத்துக்குப் பின்னால்தான் வரும் என்று.
அப்படியானால் முதலில் அவனுக்குக் கேட்கும்.
கேட்டதும் திரும்பலாம், குனியலாம்,
அண்ணே என்று இன்னொரு முறை கூப்பிடலாம்.

அன்றைக்கு நாங்கள் நின்ற தூரம் நான்கு அடி.
நான்கு அடியில் அந்த இடைவெளி எவ்வளவு என்று
வகுத்துக்கொண்டே இருக்கிறேன்.
புள்ளிக்குப் பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
பில் புத்தகத்தின் முதுகில் இடம் தீர்ந்துவிட்டது.